குருவம்மாள் குடிலில் காளான் குனிந்த வருஷம்

வெள்ளக்கரட்டில் காளான்கள் தலை குனிய ஆரம்பித்த காலையில் குருவம்மாள் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. நியாயமாக எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய மரியாதை கொஞ்சம் தாமதமாகக் கிடைக்கிறது என்றுதான் நினைத்தாள். பாதி பூமிக்குள் இறங்கி, மேலே நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டிருந்த குடிலுக்குள் தண்ணீர்க் குழாயோடு அவள் படியிறங்கியதும், படுக்கைகளில் வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்ற பால் காளான்கள் எல்லாம், பெரியது சிறியது, குடை விரிந்தது விரியாதது என்று ஒன்று பாக்கியில்லாமல், தண்டை வளைத்து அவள் பக்கமாகத் தலையைத் தாழ்த்தின, அவள் வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கமும் இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கமுமாகத் திரும்பித் திரும்பிக் குனிந்தன. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வளைந்ததில் தண்டு முறிந்துபோனால் சந்தையில் எடுக்க மாட்டார்களே என்று இரண்டைப் பறித்துப் பார்த்தாள். முறியவில்லை. அதோடு அவளைப் பொறுத்தவரை அந்த விஷயம் முடிந்தது.

ஊரைப் பொறுத்தவரை முடியவில்லை. அவள் வெளியே வந்தபிறகு அவளுடைய கணவர் பெத்தணன் உள்ளே போனார். ஒரு காளானும் அசையவில்லை. மகன் பாண்டீஸ்வரன் போனான், அத்தனையும் குனிந்தன. அடுத்த தெருவிலிருந்து அவளுடைய தம்பி வந்தான், குனிந்தன. தம்பி பெண்டாட்டி வந்தாள், நிமிர்ந்துகொண்டன. தம்பி மகள் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்று பார்த்தாள், அவளையும் கண்டுகொள்ளவில்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த குருவம்மாளின் அக்கா, யாரும் கூப்பிடாமலே வேடிக்கை பார்க்க வந்தவள், படியில் கால் வைத்ததும் காளான்கள் விழுந்து விழுந்து குனிய, இனிமேல் பேசாமல் இருப்பது மரியாதையில்லை என்று இரண்டு பேரும் அங்கேயே பேச ஆரம்பித்து, பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

டீக்கடையில் உட்கார்ந்து ஊர் கூடி யோசித்ததில் சூட்சுமம் பிடிபட்டது. அக்கா தங்கை பிள்ளைகளுக்குக் குனிகிறது, மாமன் மகளுக்குக் குனிவதில்லை. அண்ணன் தங்கை முறையாகிறவர்களைச் சேர்த்துக்கொள்கிறது, கட்டிக்கொள்ளும் முறைக்காரர்களைத் தள்ளி வைக்கிறது. "மொற தெரிஞ்ச காளான்ப்பா" என்றார்கள். தாய்க்குத் தாய், அவளுக்குத் தாய் என்று பெண்வழியாகவே நூல் பிடித்துப் போகிறது என்பதும், அந்த நூல் தொடங்குகிற இடம் குருவம்மாளின் கை என்பதும் சீக்கிரமே தெளிவாயிற்று. ஒருதரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது தம்பி பெண்டாட்டி வந்து வித்துப் போட்ட படுக்கைகள் மட்டும், குருவம்மாளைக் கண்டால் விறைத்துக்கொண்டும் தம்பி பெண்டாட்டியையும் அவள் உடன்பிறந்தவர்களையும் கண்டால் குழைந்துகொண்டும் நின்றன. யார் கையால் வித்து விழுகிறதோ அவர்களுடைய தாய்வழிக்குக் காளான் குனியும். அவ்வளவுதான் சங்கதி.

அந்த ஒருதரம் தவிர, குருவம்மாள் தன் குடிலில் வேறு யாரையும் வித்துப் போட விட்டதில்லை. வைக்கோல் நறுக்குவது, அண்டாவில் அவிப்பது, உலர்த்திக் கைக்குள் பிழிந்து ஈரம் பதமா என்று பார்ப்பது, பைக்குள் அடுக்கடுக்காகத் திணிப்பது எல்லாம் வேலைக்காரர்கள் செய்யலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே, வெள்ளைப் பூசணம் படர்ந்த சோளத்தைத் தூவுவது மட்டும் அவள் கைதான், கைராசி என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஊரில் மற்ற குடில்காரர்களும் அப்படித்தான், வீட்டுப் பெண் கைதான் வித்தைத் தொடும். எல்லாரும் விவசாயக் கல்லூரிக்குப் போய் அவ்வப்போது புதுத் தாய் வித்துப் பாட்டில் வாங்கி வருவார்கள், குருவம்மாள் வாங்கமாட்டாள். உறைமோர் மாதிரி, முந்தின தடவை போட்ட ஈட்டு வித்திலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த ஈட்டுக்குச் சோளம் அவித்து ஊன்றிக்கொள்வாள். "என் வீட்டுத் தயிருக்கு நான் அடுத்த வீட்ல போயி மோர் கேக்குறதில்ல. காளானுக்கு மட்டும் எதுக்குக் கேக்கணும்?" என்பாள்.

அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு ஈட்டுக்கும் காளானின் ஞாபகம் பின்னோக்கி நீண்டுகொண்டே போனது. முதல் ஈட்டில் பெற்றவளோடு நின்றது. அடுத்த ஈட்டில் அம்மாவின் அக்கா தங்கைகள் பெற்றவர்களுக்குக் குனிந்தது. அதற்கடுத்த ஈட்டில் யாரும் கேள்விப்பட்டிராத சொந்தமெல்லாம் வந்து சேர, மேலத்தெருவில் பாதிப்பேர் குருவம்மாளுக்கு அண்ணன் தம்பி அக்கா தங்கை ஆனார்கள். ஊர் அதையும் தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. வாய்க்கால் தண்ணீருக்கு வெட்டுக்குத்து என்று நின்ற இரண்டு வீட்டுக்காரர்கள் குடிலுக்குள் இறங்கி, இரண்டு பேருக்கும் குனிவதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அண்ணன் தம்பியாகச் சண்டை போட்டார்கள், அது முன்னைவிடக் கடுமையாக இருந்தது. புதிதாகப் பிறந்த குழந்தையைக் கோயிலுக்கு முன்னால் குடிலுக்குக் கொண்டுவந்து காட்டும் வழக்கம் உண்டாயிற்று. குனிந்த காளானை அதே ஆட்கள் வாங்கிப்போய் மிளகு தட்டிப்போட்டு வறுத்தும் சாப்பிட்டார்கள், சொந்தம் வேறு, சாப்பாடு வேறு.

கீழத்தெரு மாரக்காள் காளான் வாங்க வந்தபோதுதான் கொஞ்சம் சலசலப்பு. அவள் வழக்கம்போல வாசலுக்கு வெளியே, தள்ளியே நின்றாள். அவளுடைய ஆட்கள் மேலத்தெரு வாசல்களில் அப்படித்தான் நிற்கவேண்டும் என்று யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே படுக்கைகளில் இருந்த காளான் அத்தனையும் வாசலைப் பார்த்து வளைந்தன. மேலத்தெரு பெரியவர்கள் சிலர் காளானுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். "நானும் உங்கள எங்க ஆளுகன்னு வெளிய சொல்லிக்கிற மாட்டேன், பயப்படாதீக" என்றாள் மாரக்காள். குருவம்மாளுக்கு வேறு கவலை. "ஏத்தா, நீ அங்குட்டே நின்னா எல்லாம் ஒரு பக்கமா வளஞ்சு படுக்கை மேல போட்ட மண்ணு சரியுது. உள்ள வந்து நடுவுல நில்லு" என்றாள். மாரக்காள் உள்ளே வந்து நடுவில் நின்றாள். அப்புறம் அவள் எப்போதும் உள்ளே வந்துதான் வாங்கினாள்.

இத்தனை பேருக்கும் குனிந்த காளான் சுகந்திக்குக் குனியவில்லை. சுகந்தி அந்தக் குடிலில் கூலிக்கு வேலை செய்கிறவள், வைக்கோல் பதம் பார்ப்பதில் கெட்டிக்காரி. அவளைப் பெற்றது யாரென்று யாருக்கும் தெரியாது. மலைமேல் ஏலக்காய்க் காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், ஒரு சாயங்காலம் எல்லாரும் இறங்கிப்போன பிறகு, பின்சீட்டுக்கு அடியில் சாக்குத்துணிக்குள் கிடந்த குழந்தை அவள். ஜீப் ஓட்டிய சுருளிவேலும் அவருடைய மனைவியும் பிள்ளையில்லாதவர்கள். மறுநாள் மலையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, யாரும் வராததால் தாங்களே வளர்த்தார்கள், ஏலக்காய் மணந்துகொண்டு கிடந்ததால் சுகந்தி என்று பேர் வைத்தார்கள். பாண்டீஸ்வரனுக்கு அவள்மேல் ஆசை. அவளுக்கும்தான். குருவம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"யாரு பெத்ததுன்னே தெரியாத புள்ளைய எப்பிடிரா வீட்டுக்குள்ள கூட்டியார்றது?" என்றாள் மகனிடம்.

"அதான் நம்ம வீட்லயே சாட்சி மொளச்சு நிக்குதுல்ல. அடுத்த ஈட்டுல அவளுக்குக் குனியட்டும், யாருன்னு தெரிஞ்சுபோகும்."

"குனிஞ்சா உனக்குத் தங்கச்சி மொறையாயிரும்டா. கட்ட முடியாது."

"குனியலைன்னா?"

"குனியலைன்னா யாரோ எவரோ. எப்பிடிக் கட்டுறது?"

பாண்டீஸ்வரன் காளான் பெட்டிகளை வண்டியில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டான். இந்தப் பேச்சு டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, முன்னால் போனால் முட்டுகிறது பின்னால் வந்தால் உதைக்கிறது என்று சிரித்தார்கள். குருவம்மாளுக்குத் தன் நியாயத்தில் ஓட்டை இருப்பது தெரியாமலில்லை. தெரிந்துகொண்டே அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

விவசாயக் கல்லூரியிலிருந்து நிவேதிதா மேடம் என்று ஒரு விஞ்ஞானி வந்தார். அவரும் ஆச்சரியப்படவில்லை, ஆனால் வேறு விதமாக ஆச்சரியப்படவில்லை. காளானைத் துணுக்குத் துணுக்காக நறுக்கிக் குழாய்களில் போட்டுக்கொண்டு போய், சில வாரம் கழித்துத் திரும்பி வந்து, குருவம்மாள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே விளக்கம் சொன்னார்.

"ஒவ்வொரு உயிரோட செல்லுக்குள்ளயும் சின்னச் சின்ன அடுப்பு மாதிரி எரியுதும்மா. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. அந்த அடுப்புக்குன்னு தனியா ஒரு டி.என்.ஏ. இருக்கு. நம்மளுக்கு அது அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வருது."

"சரிதான். அடுப்பு பொம்பளைக கிட்டதான இருக்கும்" என்றாள் குருவம்மாள். "காளானுக்கு?"

"காளான்ல ரெண்டு பூசண நூல் ஒண்ணையொண்ணு தொட்டுச்சுன்னா, இதோட உட்கரு அதுக்குள்ள நடந்து போயிரும், அதோடது இதுக்குள்ள வந்துரும். ஆனா அடுப்பு மட்டும் எடத்த விட்டு அசையாது. எந்த வீட்டு அடுப்போ அந்த வீட்லயேதான் எரியும்."

"அப்ப காளான் சாதியில அத்தனை பேரும் வீட்டோட மாப்பிள்ளையா?"

"அப்பிடித்தான் வச்சுக்கங்க" என்று சிரித்தார் மேடம். "ஆனா ரெண்டு நூலும் ஒட்டுற எல்லையில, சில சமயம் ரெண்டு அடுப்பும் கலந்துபோயி, ரெண்டு பக்கமும் இல்லாத புது அடுப்பு ஒண்ணு உண்டாகும். இப்பிடி மாறி மாறித்தான் எத்தனையோ கோடி வருஷமா வந்துருக்கு. உங்க வித்துல ஒவ்வொரு ஈட்டுக்கும் அந்த டி.என்.ஏ. கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கு. இவ்வளவு வேகமா மாறக்கூடாது. ஒரே தாய் வித்த இத்தனை தடவை ஓட்டவும் கூடாது, அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும். குனியிறது எதனால?"

"அது எங்க மெஷின்ல தெரியலம்மா" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அரைக்கிலோ காளான் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது ஒருதரம் படியிறங்கிப் பார்த்தார், காளான்கள் அவரை மதிக்கவில்லை. அவர் முகம் லேசாக வாடியதைக் குருவம்மாள் கவனித்தாள். படித்தவர்களுக்கும் ஒரு குனிவு வேண்டித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஈட்டில் காளான்கள் பெத்தணனுக்குக் குனிந்தன. அவர் பாட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனவர், இத்தனை ஈடும் தன்னைக் கண்டு விறைத்து நின்றவை தடதடவென்று தலை தாழ்த்தியதும், குழாயைப் போட்டுவிட்டு வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அங்கே போய்ச் சேர்ந்த ஏதோ ஒரு பழைய பெண்ணும் இங்கே தங்கிவிட்ட அவளுடைய அக்காவோ தங்கையோவும் எந்தக் காலத்திலோ ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று ஆயிற்று. குருவம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா அண்ணன்கூடயா குடும்பம் நடத்துனேன்?"

"நான் என்னத்தா பண்ணுவேன்" என்றார் பெத்தணன். "அண்ணன்னா பொங்கலுக்கும் தீவாளிக்கும் சேலை எடுத்துத் தரணும், கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணணும். ரெண்டையும் நான் விடாமதான செய்றேன்."

ஊர் சிரித்தது, ஆனால் ரொம்ப நாள் சிரிக்க முடியவில்லை. அடுத்த ஈட்டில் காளான்கள் ஊர் மொத்தத்துக்கும் குனிந்தன. மேலத்தெரு, கீழத்தெரு, கோயில் பூசாரி, மளிகைக்கடை வைக்க வந்து இரண்டு தலைமுறையாகத் தங்கிவிட்ட குடும்பம், கல்யாணத் தரகர், தரகர் சேர்த்துவைத்த மாப்பிள்ளை, பெண், மாப்பிள்ளையின் மாமியார் எல்லாருக்கும். வெள்ளக்கரட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்ள முடியாது என்றும், ஏற்கெனவே கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் கூடப்பிறந்தவர்கள் என்றும் ஆனபிறகு ஊர் கொஞ்சம் மலைத்துப் போயிற்று. கல்யாண மண்டபத்தில் வெங்காயம் காயப் போட்டார்கள். பெண்டாட்டிகள் புருஷன்மாரை, கோபம் வந்தபோது மட்டும், அண்ணே என்று கூப்பிட்டார்கள்.

அந்த நிலைமையில்தான் ஊருக்குத் திடீரென்று சுகந்தி ஞாபகம் வந்தது. அவளுக்கு மட்டும்தான் இதுவரை காளான் குனியவில்லை. ஆகவே வெள்ளக்கரட்டுப் பையன்களுக்கு முறைப்படி கட்டிக்கொள்ளத் தோதான பெண் ஊரிலேயே அவள் ஒருத்திதான். நேற்றுவரைக்கும் ஜீப்பில் கிடந்தவள் என்று பேசிய வாய்கள், எங்கிருந்து வந்தாலென்ன, கை வேலை சுத்தம், முகத்தில் ஒரு களை என்று பேசின. சுருளிவேல் வீட்டு வாசலில் வெற்றிலை பாக்குத் தட்டுகளோடு ஆட்கள் வந்து நின்றார்கள், ஒரு வீட்டார் உள்ளே இருக்கும்போது அடுத்த வீட்டார் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். சுகந்தி வந்தவர்களுக்கெல்லாம் முகம் கோணாமல் காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னாள்.

"வெளியாளுன்னு வேண்டாம்னீங்க. இப்ப வெளியாளுன்னு வேணுங்கிறீங்க. ரெண்டுலயும் நான் எங்க இருக்கேன்னு பாத்துச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்."

அவள் குடிலுக்கு வேலைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். பாண்டீஸ்வரன் போய்க் கூப்பிட்டான். "உன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா உங்கம்மா என்ன நெனைக்கிறாகன்னு உங்கம்மா வந்து சொல்லணும், நீ சொல்லக்கூடாது" என்று அனுப்பிவிட்டாள். மகன் வந்து சொன்னதைக் கேட்டுக் குருவம்மாள் முதலில் குதித்தாள். சாயங்காலம் வரை குதித்துவிட்டு, வேறு எவளாவது முந்திக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும், வைக்கோல் பதம் பார்க்க ஆளில்லாமல் ஒரு ஈடு படுக்கை பச்சைப்பூசணம் பிடித்துப்போன எரிச்சலும், மகன் சரியாகச் சாப்பிடாத கவலையும் ஒன்றாகச் சேர, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தட்டு எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துப்போனால் மற்றவர்களில் ஒருத்தி ஆகிவிடுவோம் என்று தோன்றியது.

சுகந்தி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"உக்காருத்தா. நான் சொன்னதெல்லாம் தப்புதான்" என்றாள் குருவம்மாள், உட்காராமலே. இப்படி ஒரு வாக்கியத்தை அவள் அதற்கு முன் சொல்லிப் பழகவில்லை என்பதால் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "நீ எனக்கு வேணும்."

"எதுக்கு வேணும் முதலாளியம்மா? காளான் குனியாத புள்ளைங்கிறதுக்கா?"

குருவம்மாள் பொய் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. "அதுவுந்தான்" என்றாள்.

சுகந்தி கீரைக்காம்புகளை ஒருபக்கமாக ஒதுக்கினாள். "ஒவ்வொரு ஈட்டுக்கும், எல்லாரும் போனதுக்கப்புறம் நான் உள்ள எறங்கி நிப்பேன். உங்களுக்குத் தெரியாது. ஒண்ணாவது, ஓரத்துல கெடக்குற மொட்டாவது, லேசா அசையுதான்னு பாப்பேன். குனிஞ்சா பாண்டிய கட்டிக்க முடியாதுன்னு தெரியும். தெரிஞ்சும் குனியணும்னுதான் நின்னேன். கடைசி ஈட்டுல ஊருக்கே குனிஞ்சிருச்சே, எனக்கும் குனிஞ்சிரும்னு நெனச்சுப் போனேன். எல்லாம் நட்டு வச்ச மாதிரி நின்னுச்சு." அவள் அழவில்லை.

இந்தப் பெண்ணுக்கு ஒரு காளானாவது குனியக்கூடாதா என்று குருவம்மாளுக்குக் காளான்கள் மேலேயே கோபம் வந்தது. தன்னைக் கண்டு குனிந்தபோதெல்லாம் தான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. அவளுடைய வாழ்நாளில் வெட்கம் அபூர்வமான சமாச்சாரம், வந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. கீரையை எடுத்துத் தானும் ஆய ஆரம்பித்தாள்.

"நாளைக்கு வந்து நீ வித்துப் போடு" என்றாள், கையிலிருந்த கீரையைப் பார்த்துக்கொண்டே.

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். "உங்க குடில்லயா?"

"பின்ன எங்க? குடில் முழுக்கப் போடு. நான் ஒரு அடுக்குகூடத் தொட மாட்டேன்."

"கைராசி?"

"உன் கைக்கும் ஒரு ராசி இருக்கும்ல. என்னன்னு பாப்போம். கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீ யார வேணும்னாலும் கட்டிக்க, கட்டாமயும் இரு. வித்த மட்டும் வந்து போடு."

சுகந்தி மறுநாள் வந்தாள். வைக்கோலைத் தானே அவித்து, தானே பிழிந்து பார்த்து, பைக்குள் அடுக்கி, அடுக்குக்கு அடுக்குத் தன் கையால் வித்துத் தூவினாள். குருவம்மாள் வெளியே நின்றுகொண்டு, எட்டிப் பார்க்காமல் இருக்க முயன்று தோற்றாள். பூசணம் பரவி வெள்ளையாகும்வரை இருட்டில் வைத்து, பிறகு பைகளைப் பாதியாக வெட்டி மேல்மண் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காத்திருந்தார்கள்.

காத்திருந்த அந்த நாட்களில் ஊர் தன் சிக்கலுக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டது. எல்லாருக்கும் தாய் ஒருத்திதான், அதை மறுக்கவில்லை, ஆனால் ரொம்பத் தூரத்துத் தாய். அவ்வளவு தூரத்துக்கு முறை பார்த்தால் ஊர் நிற்குமா என்று பூசாரி கேட்டார். "ஆத்தாளுக்கு ஆத்தா வரைக்கும் காளான் சொல்லு செல்லும், அதுக்கு மேல கொழம்புல போட்டுக்க வேண்டியதுதான்" என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று. மண்டபத்தில் காய்ந்த வெங்காயத்தை அள்ளினார்கள். பையன்களைப் பெற்றவர்கள் பழையபடி தெரிந்த வீடு, தெரிந்த பெண் என்று போக ஆரம்பிக்க, சுருளிவேல் வீட்டு வேப்பமரத்தடி காலியாயிற்று. ஒரு தட்டும் திரும்பி வரவில்லை. குருவம்மாளிடம் அவளுடைய அக்கா, "இனிமே அந்தப் புள்ளைதான்னு என்ன இருக்கு? நல்ல எடமா நாலு பாக்கலாமே" என்றாள். குருவம்மாள் மறுபடியும் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

காளான் விரிந்த காலையில் சுகந்தி முதலில் தனியாகப் படியிறங்கினாள்.

குடில் முழுவதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒவ்வொரு படுக்கையிலும் ஒவ்வொரு காளானும் அவளுக்குக் குனிந்தது. அவள் வெளியே வந்தாள். காளான்கள் நிமிர்ந்துகொண்டன. மறுபடி உள்ளே போனாள், குனிந்தன. வெளியே வந்தாள். உள்ளே போனாள். ஒருதரம் ஒற்றைக் காலை மட்டும் படியில் வைத்துப் பார்த்தாள், அதற்கும் குனிந்தன. பாண்டீஸ்வரன் ஏதோ சொல்ல வந்தான், பெத்தணன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். தாயென்று ஒருத்தி இருந்திருக்கிறாள், அவளுக்கும் ஒரு தாய் இருந்திருக்கிறாள், அவளுக்கும், அவளுக்கும் என்று மலையேறிப் போய்க்கொண்டே இருக்கிற ஒரு நீண்ட வரிசைக்குத் தான் இந்தப் பக்கத்துக் கடைசி ஆள் என்பது, பேர் ஊர் எதுவும் தெரியாமலே, அவளுக்கு அன்றைக்கு நிச்சயமாயிற்று. அவள் சந்தோஷமாக அழுதாள், யாரும் தடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஊரில் ஒருத்தருக்கும் குனியவில்லை. சுருளிவேலும் அவர் மனைவியும் போனார்கள், குனியவில்லை. "வளத்ததுக்குக் காளான்கிட்டயா சாட்சி கேப்பாக" என்று சுருளிவேல் சொல்லி, மகள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

கடைசியாகக் குருவம்மாள் போனாள். இத்தனை ஈடும் படியில் கால் வைத்தவுடன் தலைதாழ்ந்த அதே குடிலில், அவள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாக நடந்து போய்த் திரும்பி வந்தாள். ஒரு மொட்டு அசையவில்லை. இன்னொருத்திக்குக் குனிகிற இடத்தில் தனக்குக் குனியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்றும் தெரிந்தது. அதை அப்படியே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவளுடைய வாய்க்கு வேறு பழக்கம்.

படியேறி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சுகந்தியைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்தியா, மருமக ராச்சியத்துல மாமியாளுக்கு என்ன மரியாதைன்னு இப்பவே காட்டுது."

சுகந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாளியை எடுத்து, பறிப்பதற்காகப் படியில் இறங்கினாள். பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"பழகப் பழகக் குனியும் அத்தை. வாங்க, பறிப்போம்."